மீன்பிடித் தடைக்காலத்தில் எங்களுக்கும் இடம் ஒதுக்குங்கள்: தியான இல்லங்களை நடத்தும் துறவற சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

துறவற சபைகளின் மதிப்பிற்குரிய மாநிலத் தலைவர்களே, தலைவியரே, தியான இல்லங்களின் இயக்குநர்களே,

சென்னை–மயிலை உயர்மறைமாவட்டத்தின் எல்லைக்குள்ளும் அதை ஒட்டிய பகுதிகளிலும் தியான இல்லங்களை நடத்திவரும் ஆண், பெண் துறவற சபைகள் அனைத்துக்கும் இம்மடலை எழுதுகிறேன். நான் இராயபுரத்தில் ஓர் அன்பியத்தின், அதாவது அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் சிறு குழுவின், பொறுப்பாளர். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தையும் அதைச் சுற்றியுள்ள சந்தைகளையும் நம்பிப் பிழைக்கும் குடும்பங்களே எங்கள் அன்பியங்களில் மிகுதி. விசைப்படகில் கூலிக்குப் போகிறவர்கள், ஏலத்தில் மீன் எடுத்துக் கூடையில் சுமந்து விற்கும் பெண்கள், வலை பின்னுகிறவர்கள், ஐஸ் ஏற்றுகிறவர்கள், துறைமுக வாயிலில் ஆட்டோ ஓட்டுகிறவர்கள் என்று அவர்களைப் பட்டியலிடலாம். இவர்களுள் விருப்பமுள்ளவர்களுக்குத் தியான நாட்களை விசாரித்துச் சொல்வதும், இடம் கேட்டு உங்கள் அலுவலகங்களுக்குத் தொலைபேசியில் பேசுவதும், கட்டணத்துக்கு வழி பார்ப்பதும் பல ஆண்டுகளாக என் வேலையாக இருந்துவருகின்றன. அந்த அனுபவத்தில் எழுந்த கோரிக்கை ஒன்றே. மௌனத் தியானத்தைத் தமிழில், உழைக்கும் மக்களால் வர முடிந்த நாட்களில், அவர்களால் தாங்க முடிந்த செலவில் தருவதற்கு உங்கள் ஆண்டு அட்டவணையைத் திருத்தி எழுத வேண்டும்.

அட்டவணையிலிருந்தே தொடங்குகிறேன், சிக்கலின் வேர் அங்கேதான் இருப்பதாக எனக்குப் படுகிறது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 663-ஆம் சட்டத்தில், துறவியர் தங்கள் ஆண்டுத் தியானத்தைத் தவறாமல் கடைப்பிடிக்க வேண்டும் என்று பணிக்கிறது. உங்களுள் பலர் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பணியாற்றுவதால், தேர்வுகள் முடிந்து பள்ளி மீண்டும் திறப்பதற்கு இடைப்பட்ட ஏப்ரல், மே மாதங்களே வழக்கமாக எட்டு நாட்கள் நீளும் அத்தியானத்துக்கு உங்களுக்கு வாய்க்கின்றன. எனவே அம்மாதங்களில் தியான இல்லங்களின் அறைகள் அருள்சகோதரியராலும் அருட்பணியாளர்களாலும் நிரம்பிவிடுகின்றன. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்பது அரசின் ஆணை. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் அது. ஆண்டு முழுவதும் இரவும் பகலும் கடலில் கிடக்கும் ஆண்கள் தொடர்ந்து வீட்டில் இருப்பது அந்த இரண்டு மாதங்களில் மட்டுமே. படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள், வலையைச் சரிசெய்வார்கள், அதன் பின்னும் நாட்கள் எஞ்சும். அப்படி எஞ்சும் நாட்களில் மதுக்கடைக்குப் போகிறவர்களும் உண்டு என்பதை அவர்களுடைய மனைவியர் என்னிடம் மறைத்ததில்லை. மனம் திரும்புவதற்கும் தன்னோடு தான் அமர்வதற்கும் இதைவிடப் பொருத்தமான காலம் எங்கள் மக்களுக்குக் கிடைக்காது. உயிர்ப்புப் பெருவிழாவை (ஈஸ்டரை) ஒட்டியோ அதற்குப் பின்னரோ தொடங்கும் காலம் என்பதால் தவக்கால அலைச்சலும் ஓய்ந்திருக்கும். அந்தக் காலத்தில்தான் உங்கள் இல்லங்களில் எங்களுக்கு இடமில்லை.

நாங்கள் கேட்கும்போது கிடைக்கும் நாட்கள் எவை? ஜூலை, ஆகஸ்டு மாதங்களில், திங்கள் மாலை தொடங்கிச் சனிக்கிழமை முடியும் தியானங்கள். தடைக்காலம் முடிந்து கடல் திறந்ததும் படகுகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு போகும் மாதங்கள் அவை. கடன்களை அடைக்க வேண்டிய அந்த நேரத்தில் ஒருவர் ஒரு வாரம் படகேறாமல் இருந்தால், அவருடைய இடத்தில் வேறொருவர் ஏறிவிடுவார். மீன் விற்கும் பெண்களுக்கோ எந்த மாதமானாலும் ஒரு வாரம் வெளியே தங்குவது நடவாத காரியம். விடியுமுன் ஏலத்துக்குப் போய், நண்பகலுக்குள் விற்றுவிட்டு, தண்ணீர் பிடித்துச் சமைத்துப் பிள்ளைகளைப் பார்க்கிறவரை ஆறு நாள் மௌனத்துக்கு அழைப்பது, அழைக்காமல் இருப்பதற்குச் சமம்.

வந்தால் தங்க வேண்டும், தங்கினால் எட்டு நாள் என்ற ஒரே அச்சில் தியானத்தை வார்க்க வேண்டிய கட்டாயம் மரபில் இல்லை என்பதை என்னைவிட நீங்கள் நன்கு அறிவீர்கள். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ என்ற தம் தியானக் கையேட்டின் தொடக்கத்தில் வைத்த முன்குறிப்புகளுள் 19-ஆவது, பொதுவேலைகளில் சிக்கியிருப்பதால் ஒதுங்கிவர இயலாதவர் நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி, வீட்டிலிருந்தபடியே அதே பயிற்சிகளைச் செய்யலாம் என்று வகை செய்கிறது. முப்பது நாட்களில் முடிவது ஏழெட்டு மாதங்களுக்கு நீளும். வாரம் ஒருமுறை வழிகாட்டியைச் சந்தித்தால் போதும். முழுமையாக ஒதுங்கிவரக்கூடியவருக்கான 20-ஆவது குறிப்பை ஒட்டித்தான் உங்கள் இல்லங்கள் கட்டப்பட்டிருக்கின்றன. 19-ஆவது குறிப்புக்கு எங்கள் பகுதியில் இன்னும் ஆளில்லை.

இன்னொரு குறிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்வியில்லாதவருக்கும் ஆற்றல் குறைந்தவருக்கும் எளிய பயிற்சிகளை மட்டும் தர வேண்டும் என்று கூறும் 18-ஆவது குறிப்பு உண்டு. எங்கள் மக்களுக்கு ஒரு நல்ல மறையுரை, ஓர் ஒப்புரவு அருட்சாதனம் (பாவசங்கீர்த்தனம்), ஒரு நற்கருணை ஆராதனை, மதிய உணவு ஆகியவை போதும் என்று கருதும் பழக்கத்துக்கு அது ஒரு மறைமுகச் சான்றாகப் பயன்பட்டுவிட்டதோ என்ற ஐயம் எனக்கு உண்டு. அந்தச் சொற்கள் அக்குறிப்பில் இருக்கின்றன என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் வயது, கல்வி, திறன் ஆகியவற்றைப் பார்த்து, ஒருவரால் தாங்கிப் பயன்பெறக்கூடிய அளவுக்குப் பயிற்சிகளைப் பொருத்த வேண்டும் என்பதே அக்குறிப்பின் தொடக்கம். பத்தாம் வகுப்பைத் தாண்டாத ஒருவரால் எதைத் தாங்க முடியும் என்பதை அவரோடு உட்கார்ந்து பேசிய பிறகு முடிவு செய்யலாமே தவிர, அட்டவணை அச்சிடும்போதே முடிவு செய்துவிட முடியாது.

உண்மையில் இஞ்ஞாசியாரின் முறையில் எங்கள் மக்களுக்கு ஒரு முன்னுரிமையே இருக்கிறது என்பேன். நற்செய்திக் காட்சி ஒன்றை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தை மனத்துள் அமைத்து, அங்கிருப்பவர்களைப் பார்த்து, அவர்கள் பேசுவதைக் கேட்டு, மணத்தையும் சுவையையும் தொடுதலையும்கூட உணர்ந்து செபிக்கச் சொல்கிறார் அவர். நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்குப் போகும் வழி எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், சமதரையா, மேடுபள்ளமா என்று பார்க்கச் சொல்லும் அளவுக்கு அந்த முறை புலன்களைச் சார்ந்தது. இரவெல்லாம் உழைத்தும் ஒன்றும் அகப்படாமல் வலை அலசிக்கொண்டிருந்த லூக்கா நற்செய்தியின் சீமோனையோ, விடியற்காலையில் கரையில் கரி நெருப்பு மூட்டி மீன் சுட்டுக்கொண்டிருந்த யோவான் நற்செய்தியின் இயேசுவையோ தியானிக்கச் சொன்னால், நகரத்துப் பட்டதாரி ஒருவர் முதலில் ஓர் ஏரியைக் கற்பனை செய்ய வேண்டும். காசிமேட்டுக்காரருக்கு அந்தச் சிரமம் இல்லை. வெறுங்கையோடு கரைக்கு வந்த இரவின் களைப்பு, டீசல் காசும் தேறாத கணக்கு, கரையில் காத்திருப்பவரின் முகத்தைப் பார்க்கக் கூசும் கூச்சம் எல்லாம் அவர் உடம்பிலேயே இருக்கின்றன. எங்கள் அன்பியக் கூட்டங்களில் இப்பகுதிகளை வாசித்துச் சற்று நேரம் அமைதியாக இருந்துவிட்டு, மனத்தில் பட்டதைப் பகிரச் சொல்வதுண்டு. யோவானின் அப்பகுதியில் வலையில் அகப்பட்ட நூற்றைம்பத்து மூன்று மீன்களை எண்ணியவர் யார், எண்ணுகிறவருக்கு எப்போது பசித்திருக்கும் என்று ஒரு மீன்காரப் பெண் கேட்டார். நான் கேட்ட எந்த மறையுரையிலும் அந்தக் கேள்வி எழுந்ததில்லை.

பயிற்சிகள் பிறந்த விதமும் இதற்குச் சான்று. ஸ்பெயினின் மன்ரேசாவில் 1522-லும் 1523-லும் தாம் பெற்ற அனுபவத்தை இஞ்ஞாசியார் குறிப்புகளாக எழுதத் தொடங்கியபோது அவர் குருவல்லர், இறையியல் படித்தவருமல்லர். அவர் குருப்பட்டம் பெற்றது 1537-இல். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, அல்காலா நகரில் மாணவராக இருந்த நாட்களில், சாதாரணப் பெண்களையும் ஏழைகளையும் கூட்டி வைத்து இப்பயிற்சிகளைக் கற்பித்தார். அதற்காகவே சமய விசாரணைக்கு ஆளாகி 1527-இல் சிறையிலும் இருந்தார். திருத்தந்தை மூன்றாம் பவுல் இந்நூலுக்கு ஒப்புதல் தந்தது 1548-இல். ஆக, குருவோ துறவியோ அல்லாத ஒரு பொதுநிலையினர் மற்றப் பொதுநிலையினருக்கு வழங்கியதாகவே இது தொடங்கியது. 1922-இல் இஞ்ஞாசியாரை ஆன்மீகப் பயிற்சிகளின் பாதுகாவலராக அறிவித்த திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் (பயஸ்), 1929-இல் எழுதிய சுற்றுமடலில் குருக்களோடும் துறவியரோடும் நிறுத்தாமல் பொதுநிலையினருக்கும் தியானத்தைப் பரப்ப வேண்டும் என்று வலியுறுத்தினார். தூயவராகும் அழைப்பு அனைவருக்கும் உரியது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் கூறியதை நீங்களே எங்களுக்கு வகுப்புகளில் சொல்லித் தந்திருக்கிறீர்கள். திருச்சபையின் ஆன்மீகச் செல்வங்களிலிருந்து உதவி பெறும் உரிமையையும், தமக்கேற்ற ஆன்மீக வாழ்வு முறையைப் பின்பற்றும் உரிமையையும் சட்டத் தொகுப்பின் 213, 214-ஆம் சட்டங்கள் எல்லா நம்பிக்கையாளருக்கும் தருகின்றன. தயவு கேட்கும் தொனியில் மட்டும் இம்மடல் எழுதப்படாததற்குக் காரணம் அதுவே.

எங்கள் மக்களுக்கு மௌனம் ஒத்துவராது, பாட்டும் கைதட்டலும் சாட்சியமும் இருந்தால்தான் வருவார்கள் என்று ஓர் இயக்குநர் என்னிடம் சொன்னார். அவர் முற்றிலும் தவறாகச் சொல்லவில்லை. எங்கள் தெருக்களிலிருந்து ஆண்டுதோறும் குடும்பம் குடும்பமாக ரயிலேறி, வின்சென்ஷியன் சபைக் குருக்கள் கேரளத்தில் சாலக்குடிக்கு அருகே முரிங்கூரில் நடத்தும் தியான மையத்துக்குப் போகிறார்கள். அதன் வாசலருகே டிவைன் நகர் என்ற பெயரில் ஒரு ரயில் நிலையமே இருக்கிறது. குடியை விட்டுத் திரும்பியவர்களையும், பல ஆண்டுப் பகையை முடித்துக்கொண்டு வந்தவர்களையும் நான் அறிவேன். அந்த வகைத் தியானத்தின் மேல் எனக்கு ஏளனம் இல்லை. ஆனால் எங்கள் மக்கள் ஏன் அவ்வளவு தொலைவு போகிறார்கள் என்று விசாரித்தால், கிடைக்கும் பதில்களில் பாதி ஆன்மீகம் சார்ந்தவையே அல்ல. அங்கே அவர்களுக்குத் தமிழில் தியானம் உண்டு, எந்த வாரம் போனாலும் சேர்த்துக்கொள்கிறார்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகலாம், கையில் இருப்பதைக் கொடுத்தால் போதும், யாரும் பரிந்துரைக் கடிதம் கேட்பதில்லை. இவற்றுள் எதையும் சென்னையில் செய்ய முடியாது என்று சொல்வதற்கில்லை.

மௌனத்துக்கான திறன் எங்களிடம் இல்லை என்ற கருத்தையும் நான் ஏற்கவில்லை. ஆகஸ்டு 29-இல் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி அன்னை ஆலயத்தில் கொடியேறும் நாளில் வடசென்னையிலிருந்து வெறுங்காலோடு நடந்துவருகிறவர்களைப் பாருங்கள். காவி உடுத்தி, கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து நாகப்பட்டினம் மாவட்டத்து வேளாங்கண்ணி வரைக்கும் போகிறவர்களையும் பாருங்கள். பகல் முழுவதும் பாட்டு இருக்கும். இரவு நடையில் பேச்சு தானாக அடங்கிவிடும். அவர்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டென்றால், அந்த அமைதியில் எழும் எண்ணங்களை என்ன செய்வது என்பதுதான். ஆறுதல் எது, வறட்சி எது, எந்த உந்துதல் கடவுளிடமிருந்து வருவது, எது தன் அச்சத்திலிருந்து வருவது என்று பிரித்துப் பார்க்க ஒருவர் கூட இருந்து கற்றுத்தர வேண்டும். அந்த ஒருவர் இல்லாததுதான் எங்கள் குறை.

எனவே என் கோரிக்கையின் மையம் கட்டடம் அல்ல, வழிகாட்டிகள். என் கைக்கு வந்துசேர்ந்த ஆண்டு அட்டவணைகளில், ஆளுக்கு ஒரு வழிகாட்டி அமர்த்தி நாள்தோறும் தனியே சந்தித்துப் பேசும் தியானங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அறிவிக்கப்பட்டிருந்தன. தமிழ் என்று குறித்தவை பெரும்பாலும் சனி, ஞாயிறு மறையுரைத் தியானங்களாக இருந்தன. ஒருவர் தம் குடும்பத்தின் துன்பத்தையும் கடனையும் பாவத்தையும் தாய்மொழியைத் தவிர வேறெதில் சொல்வார்? தமிழில் வழிகாட்டக்கூடிய துறவியர் போதுமான அளவில் இல்லை என்று நீங்கள் சொன்னால், வழிகாட்டத் துறவியராக இருக்க வேண்டியதில்லை என்பதே என் பதில். ஆன்மீக வழிகாட்டுதலுக்குக் குருத்துவத் திருநிலைப்பாடு தேவையில்லை. ஒப்புரவு அருட்சாதனம் வேறு, இது வேறு. எங்கள் பங்குகளில் மரியாயின் சேனையிலும் வின்சென்ட் தே பால் சபையிலும் பல்லாண்டு உழைத்த பெண்கள் இருக்கிறார்கள். வீடு வீடாகப் போய், சொன்னதை வெளியில் சொல்லாமல் கேட்கும் பழக்கம் அவர்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியைகள், செவிலியர், மறைக்கல்வி ஆசிரியர்கள் இருக்கிறார்கள். இவர்களுள் பொருத்தமானவர்களைத் தேர்ந்து, முதலில் அவர்களே பயிற்சிகளை முழுமையாகச் செய்யவைத்து, பின்னர் ஈராண்டு மாலை வகுப்புகளில் வழிகாட்டும் கலையைக் கற்பித்து, தொடர்ந்து மேற்பார்வையும் தந்தால், 19-ஆவது குறிப்பு எங்கள் தெருக்களில் நடைமுறைக்கு வந்துவிடும். உங்களிடம் அதற்கான நூலகமும் அனுபவமும் இருக்கின்றன. துறவறப் பயிற்சிக்குப் புதிதாகச் சேரும் நவதுறவியரின் வருகை குறைந்துவருவதால், பயிற்றுநர்களாக இருந்த சிலருக்கு நேரமும் இருக்கிறது. இதைச் சுட்டுவது சங்கடமாக இருக்கலாம். ஆனால் காலியான நவதுறவக அறைகளை விடுதியாக வாடகைக்கு விடுவதைவிட இது நல்ல பயன் என்று கருதுகிறேன்.

செலவைப் பற்றி நேராகப் பேசுவோம். தியான இல்லத்தை நடத்துவது எளிதன்று என்பதை அறிவேன். மின்கட்டணம் ஏறிவிட்டது. கோடையில் லாரித் தண்ணீர் வாங்க வேண்டியிருக்கிறது. 2019-இல் ஏரிகள் வறண்டபோது நகரமே குடத்தோடு நின்றதை யாரும் மறக்கவில்லை. மூத்த சகோதரியரின் மருத்துவச் செலவு இருக்கிறது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் கற்பிக்கும் துறவியரின் ஊதியத்திலும் வருமான வரிப் பிடித்தம் உண்டு என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின், அந்த ஊதியத்தை நம்பியிருந்த இல்லங்களின் கணக்கு இன்னும் இறுகியிருக்கும். இத்தகைய நெருக்கடியில், நிறுவனங்களின் பயிற்சி முகாம்களுக்கும் கருத்தரங்குகளுக்கும் அறைகளைத் தருவது வருவாய்க்கு வழி என்று நீங்கள் முடிவு செய்ததை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆயினும் அதன் விளைவு இரண்டு வகையில் எங்களைத் தாக்குகிறது. நல்ல வார இறுதிகள் முன்கூட்டியே போய்விடுகின்றன என்பது ஒன்று. அவ்விருந்தினருக்காகக் குளிர்சாதனமும் இணைந்த குளியலறையும் வைத்துவிட்டபின், அதே அறைக்கு நாங்களும் அதே கட்டணம் தர வேண்டியிருக்கிறது என்பது மற்றொன்று. எங்களுக்கு அந்த வசதி வேண்டாம். ஒரு கூடம், பாய்கள், சுழலும் மின்விசிறி, சுத்தமான கழிப்பறை, ஒரு குழம்பும் ஒரு பொரியலும் போதும். 1921-இல் திருப்பத்தூரில் மருத்துவர்கள் சேசுதாசனும் ஃபாரெஸ்டர் பேட்டனும் தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமமும், 1950-இல் குளித்தலைக்கு அருகே காவிரிக் கரையில் பிரெஞ்சுக் குருக்கள் மொன்ஷானினும் அபிஷிக்தானந்தரும் தொடங்கிய சாந்திவன ஆசிரமமும் தமிழ்நாட்டில் எளிமையிலேயே பெயர் பெற்றன. கட்டடம் தாழ்வாக இருந்ததால் எவரும் அங்கே போகாமல் இருந்துவிடவில்லை.

தடைக்காலத்துக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு, அதை நீங்கள் கவனித்திருக்க வாய்ப்பில்லை. எங்கள் ஆண்களுக்கு நேரம் இருக்கும் அந்த இரு மாதங்களில்தான் அவர்கள் கையில் பணம் இருக்காது. அரசின் நிவாரணத் தொகை அரிசிக்கும் வட்டிக்கும் போய்விடும். ஆகவே அப்போது நடக்கும் தியானத்துக்கு முன்பணம் கேட்காமல், கடல் திறந்த பின் ஜூலையிலோ ஆகஸ்டிலோ இயன்றதைத் தரும்படி விட்டுவிடுங்கள். கடனாகவே எழுதிக்கொள்ளுங்கள், ஏலக் கடையில் நாள்தோறும் நடப்பது அதுதான், எங்கள் மக்கள் பெரும்பாலும் திருப்பித் தந்துவிடுவார்கள். தராதவர்களைப் பற்றிப் புனித பெனடிக்ட் என்ன சொல்லியிருப்பார் என்று யோசிக்கிறேன். துறவியருக்கென்று தாம் எழுதிய ஒழுங்கின் 53-ஆம் பிரிவில், வரும் விருந்தினர் எல்லாரையும் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும் என்றும், ஏழைகளையும் திருப்பயணிகளையும் ஏற்பதில் தனி அக்கறை வேண்டும் என்றும் எழுதிய அவர், செல்வருக்கு மரியாதை தானாகவே கிடைத்துவிடும் என்று சற்றுக் குறும்பாகவே சேர்த்திருக்கிறார். உங்களுள் பெரும்பாலோர் அவருடைய சபையினர் அல்லர் என்றாலும், துறவற விருந்தோம்பலுக்கு அவர் வகுத்த அளவை உங்களுக்கும் பொருந்தும் என்றே எண்ணுகிறேன்.

தங்கும் தியானத்துக்கு வர முடியாத பெண்களுக்கு என்ன வழி? அதற்குப் புதிய இல்லம் எதுவும் கட்ட வேண்டாம். 1842-இல் அயர்லாந்திலிருந்து வந்த ப்ரசன்டேஷன் சகோதரியர் தங்கள் பணியைத் தொடங்கியது ஜார்ஜ் டவுனில். அவர்களைத் தொடர்ந்து வந்த சபைகளும் இராயபுரம், பெரம்பூர், வியாசர்பாடி என்று வடசென்னையில் பள்ளிகளையும் கன்னியர் மடங்களையும் எழுப்பின. பின்னாட்களில் தியானத்துக்கென்று இடம் தேடியபோது அமைதியையும் மரங்களையும் நாடித் தெற்கே போனீர்கள். ஆனால் வடக்கே உள்ள அப்பள்ளிகள் மே மாதத்தில் பூட்டிக் கிடக்கின்றன. காலை பத்து மணிக்குத் தொடங்கி நான்கு மணிக்கு முடியும் பகல் தியானத்தை அங்கே, நடந்துபோகும் தொலைவில், வாரத்துக்கு ஒரு நாள் வீதம் ஆறேழு வாரங்களுக்கு நடத்தலாம். மடத்துச் சிற்றாலயம் இருக்கிறது, வகுப்பறைகள் இருக்கின்றன, வேப்பமரத்து நிழலும் இருக்கிறது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள எங்கள் இளையோர் இயக்கத்தினர் வருவார்கள். கொரோனாக் காலத்தில் நீங்கள் கைப்பேசி வழியாகத் தியானங்களை நடத்தியது நல்ல முயற்சி. ஆனால் ஐந்து பேர் ஒரே அறையில் வாழும் வீட்டில், தொலைக்காட்சிக்கும் தையல் எந்திரத்துக்கும் நடுவே, காதில் கருவியை மாட்டிக்கொண்டு மௌனம் காப்பது எப்படி? எங்கள் மக்களுக்கு முதலில் தேவைப்படுவது ஆறு மணி நேரம் யாரும் கூப்பிடாத ஓர் இடம்.

தனியே சந்தித்துப் பேசுவதை இவ்வளவு வலியுறுத்தும்போது பாதுகாப்பைப் பற்றியும் பேசியாக வேண்டும். குருக்கள் சிலர் பெண் துறவியரிடம் தவறாக நடந்த நிகழ்வுகள் உண்டு என்பதை 2019 பிப்ரவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்; அதே ஆண்டு மே மாதம் புகார்களைக் கையாள உலகளாவிய விதிமுறைகளையும் வெளியிட்டார். தியான இல்லம் என்பது ஒருவர் தம் மனத்தின் கதவுகள் அனைத்தையும் திறந்து வைக்கும் இடம். அங்கே ஏற்படும் காயம் வேறெங்கும் ஏற்படும் காயத்தைவிட ஆழமாக இறங்கும். வழிகாட்டும் அறைக்குக் கண்ணாடி பதித்த கதவு, இரவில் சந்திப்பு கிடையாது என்ற விதி, பெண்களுக்குப் பெண் வழிகாட்டியைத் தேர்ந்துகொள்ளும் உரிமை, புகார் சொல்ல வேண்டியவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் வரவேற்பறையிலேயே தமிழில் எழுதப்பட்டிருத்தல் ஆகிய நான்கையும் பெரிய செலவு இல்லாமல் விரைவிலேயே செய்யலாம். உங்கள் சமையலறையிலும் துப்புரவுப் பணியிலும் இருக்கும் பெண்களுக்கு 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் தரும் பாதுகாப்பு இருப்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு அமைப்பது கட்டாயம். விருந்தினரின் மௌனத்துக்காக அதிகாலையில் எழுந்து சமைக்கிறவர்களின் கூலியையும் அப்படியே ஒருமுறை சரிபார்த்துவிட்டால் நன்று.

பிற சமயத்தவரைப் பற்றி ஒரு சொல். பெசன்ட் நகருக்கு எங்களோடு நடந்துவருகிறவர்களில் இந்துக்கள் பலர். அமைதியாக உட்கார இடம் கேட்டு அவர்களும் என்னிடம் வருகிறார்கள். அவர்களை வரவேற்கத் தயங்காதீர்கள். அதே நேரத்தில் அவர்களிடம் மதம் பேசவும் வேண்டாம். வாயிற்காவலர் பெயரையும் சாதியையும் சமயத்தையும் கேட்காமல் ஒரு குடம் தண்ணீரும் ஒரு நிழலும் காட்டினால் போதும்.

செய்யக்கூடியதை மட்டுமே கேட்டிருக்கிறேன் என்று நம்புகிறேன். அடுத்த ஆண்டுக்கான அட்டவணையை நீங்கள் பொதுவாக ஆண்டின் பிற்பகுதியில் வகுத்து, கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்துக்குள் அச்சுக்கு அனுப்பிவிடுகிறீர்கள். அதற்கு முன் ஒரு மாலை எங்களோடு அமருங்கள். இராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி பகுதிகளின் அன்பியப் பொறுப்பாளர்கள் வருவோம். விசைப்படகுத் தொழிலாளர் சிலரையும் மீன் விற்கும் பெண்கள் சிலரையும் அழைத்துவருவோம். ஏப்ரல் 20 முதல் ஜூன் 10 வரையிலான காலத்தில், உங்கள் ஆண்டுத் தியானங்களுக்குக் குறைவு வராமல் எந்த இல்லத்தில் எத்தனை பாய்களைப் போடலாம், எந்தப் பள்ளி வளாகத்தைத் திறக்கலாம், முதல் அணியில் வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற யாரைச் சேர்க்கலாம் என்ற மூன்றை மட்டும் அன்று பேசி முடிப்போம். கூட்டம் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குப் பின் இருந்தால் பெண்களால் வர முடியும். இடம் எங்கள் பங்கில் இருந்தால் வருகிறவர்களின் எண்ணிக்கை கூடும். உங்கள் இல்லத்தில்தான் என்றாலும் வந்துசேர்வோம். பதிலை உங்கள் பங்குத்தந்தையர் வழியாகவோ நேரடியாகவோ எங்கள் பங்கு அலுவலகத்துக்குத் தெரிவித்தால் போதும்.

இப்படிக்கு,
இராயபுரம் பகுதி அன்பியப் பொறுப்பாளர்களுள் ஒருவர்
சென்னை